பதிமூணாம் வீட்டுக்குப் பதினாறு படி

இல்லம்மா, தள்ள வேணாம். இங்கயே இருக்கட்டும். நல்ல மனசோடதான் கேக்கறீங்க, தெரியுது. ஆனா இதுக்கு மேல இந்தச் சக்கரம் போகாது. கல்லைப் பாருங்க. ஒவ்வொண்ணும் முதுகைத் தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி. முன்சக்கரம் சின்னது இல்லையா, நேரா அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். போன தடவை அப்படித்தான் ஆச்சு. நான் இப்ப இருக்கற முதியோர் ஹோம் டிரைவர் வேகமா ஒரு தள்ளு தள்ளினாரு. நாற்காலி நின்னுடுச்சு, நான் நிக்கல. அடியெல்லாம் பெரிசா ஒண்ணும் இல்ல. முட்டி ரெண்டும் ஏற்கெனவே போனதுதான், புதுசா என்ன போகப்போகுது.

வாசல்லேருந்து இந்த மரம் வரைக்கும் நாப்பத்தோரு அடி சிமெண்டுப் பாதை. அதோட சரி. மிச்சமெல்லாம் முந்நூறு வருஷத்துக் கல்லு. ஒண்ணைக்கூட அசைக்கக் கூடாதுன்னு சட்டம். வாசல் போர்டுல பாத்திருப்பீங்களே. அந்த வாசல் நிலைப்படியும் அப்படித்தான், ஏழரை அங்குல உயரம். பலகை போட்டு, பின்பக்கமா இழுத்துத்தான் என்னை உள்ள கொண்டு வரணும். உங்ககிட்ட டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாளே ஒருத்தி, அவதான் இழுக்கறா. வாசலம்மான்னு கூப்பிடுவோம். அம்பத்தெட்டு வயசு. மூச்சு வாங்குது அவளுக்கு, வாய் விட்டுச் சொல்ல மாட்டா.

உக்காருங்க, பெஞ்சு காலியாத்தான இருக்கு. ஈரம் இல்ல, கையை வச்சுப் பாத்துட்டேன். போட்டோ எடுக்கணும்னா எடுத்துட்டு வாங்க, நான் எங்க ஓடிடப் போறேன்.

எடுத்தாச்சா. சரி. நான் அதிகம் பேசற ஆளில்லம்மா. தெரியாதவங்கன்னா வாயே திறக்க மாட்டேன். இன்னிக்கு உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும். அதான் இவ்வளவு பேச்சு, ஒளிக்காம சொல்லிடறேன். நீங்க எப்படியும் அந்தக் கோடி வரைக்கும் போவீங்க. ஒரு வீட்டை அந்தக் காலத்துல இருந்த மாதிரியே வச்சுக் காட்டறாங்க, எல்லாரும் அதைப் பாக்கத்தான் போறாங்க. அதுக்கு ரெண்டு வீடு இந்தப் பக்கம் பதிமூணாம் நம்பர். பச்சைக் கதவு, மேல ஒரே ஒரு ஜன்னல், திரை போட்டிருக்கும். நீங்க அங்க ஏறிப்போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும். என்ன வார்த்தைன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. மணி என்ன இப்ப? மூணு முப்பத்தெட்டா. வேன் நாலே காலுக்கு வரும். முப்பத்தேழு நிமிஷம் இருக்கு. போதும்.

துறவியா? இல்லம்மா. அது வேற. துறவின்னா எல்லாத்தையும் விட்டுட்டு வரணும். நாங்க இந்த மதிலுக்குள்ள தனியா இருந்துக்கறோம்னு அவங்கவங்க பெட்டியோட வந்த பொம்பளைங்க. அவங்கவங்க அடுப்பு, அவங்கவங்க சாவி. தையல், சலவை, ஏதோ ஒரு வேலை செஞ்சு சாப்பிடணும். காலைலயும் சாயங்காலமும் பிரார்த்தனைக் கூடத்துக்கு வந்துடணும். கல்யாணம் பண்ணிக்கணும்னு தோணினா வாசல் திறந்துதான் இருக்கு, தாராளமா போகலாம். போனா திரும்பி வர முடியாது. மொத்தம் முப்பத்தினாலு வீடு. நான் வந்தப்ப முப்பத்தொண்ணுல ஆள் இருந்தது. இப்ப பதினொண்ணு. வெள்ளிக்கிழமை போனா பத்து.

பேரையும் வாசல்லயே விட்டுடணும். வீட்டு நம்பர்தான் பேரு. நான் பன்னெண்டு. முப்பத்தஞ்சு வருஷம் பன்னெண்டாவே இருந்தேன். இப்ப ஹோம்ல என் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. யாரையோ கூப்பிடறாங்கன்னு நான் பேசாம இருந்துடறேன். காது மந்தம்னு ஃபைல்ல எழுதிட்டாங்க. எழுதிக்கட்டும், அதைப் போய்த் திருத்திக்கிட்டு.

அதுக்கு முன்னாலயா? பொத்தான் கம்பெனில இருந்தேன். அஞ்சாவதோட படிப்பு நின்னுடுச்சு. பதினாறு வயசுலேருந்து இருபது வருஷம் அதே வேலை. அட்டைக்குப் பன்னெண்டு பொத்தான், பெட்டிக்குப் பன்னெண்டு அட்டை. எண்ணிக்கை தப்பி ஒரு பெட்டிகூட திரும்பி வந்ததில்ல. பெருமைக்குச் சொல்லல. அது ஒரு வியாதி மாதிரி. படி ஏறினா படியை எண்ணுவேன், சோறு தின்னா வாயை எண்ணுவேன். எங்கண்ணன் பொண்டாட்டி, இவ ஒரு வீட்டுல இருந்தா மூச்சு விடறதுக்குக்கூட கணக்கு கேப்பான்னு சொல்லிச் சிரிப்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா அடுத்த மாசம் நான் இங்க வந்துட்டேன்.

பதிமூணு எனக்குப் பக்கத்து வீடு. என்னை விட ரெண்டு வயசு சின்னவ. எழுபத்து மூணு. நல்ல உடம்பு, ஆம்பளை மாதிரி தோள். இருபத்திரெண்டு வருஷம் இந்த மணியை அடிச்சது அவதான். அதோ அந்தக் கூண்டு, அதுக்குக் கீழ நின்னு கயித்தை இழுக்கணும். கையெல்லாம் காச்சுப் போயிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். நான் பேசாததுக்கும் சேத்து அவ பேசுவா. ஒரு தடவை கூட்டத்துல என்னைப் பத்தி, இவ வாய்லேருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள என் கிணத்துலேருந்து நாலு வாளி வாங்கிடலாம்னு சொன்னா. கோவமெல்லாம் வரல. யாராவது நம்மளைக் கிண்டல் பண்றாங்கன்னா நம்மளைக் கவனிச்சிருக்காங்கன்னுதான அர்த்தம்.

என்ன ஆச்சு அவளுக்குன்னா, படுத்துட்டாம்மா. வயித்துல கட்டி. டாக்டர் ஆறு வாரம், மிஞ்சினா எட்டு வாரம்னு சொல்லியிருக்காரு. அதுல ரெண்டரை வாரம் போயாச்சு.

சாவறதைப் பத்திப் பேச்சில்ல. அது இங்க எல்லாருக்கும் பழக்கம். எங்க சாவறதுங்கறதுதான் பேச்சு. படுத்துட்டவங்க அவங்க வீட்டுலயே இருக்கலாம், ஆனா மதிலுக்கு உள்ள இருக்கறவங்கள்ல ஒருத்தர், நான் பாத்துக்கறேன்னு ஆபீஸ்ல பேர் குடுக்கணும். படுத்திருக்கறவங்களும் சரின்னு சொல்லணும். ரெண்டு பேரும் சொன்னாத்தான். இல்லன்னா டவுன்ல பெரிய வார்டு. நாப்பது கட்டில். அந்த ஆம்புலன்ஸ் வெள்ளிக்கிழமை வருது. இன்னிக்கு புதன்.

பேர் குடுக்க யாரு இருக்கா சொல்லுங்க. பத்து பேருமே எழுபதைத் தாண்டியாச்சு. பதினொண்ணாம் வீட்டுக்காரிக்கு எண்பத்தொண்ணு வயசு, அவ ஒரு வேளை கஞ்சி கொண்டு போய் வைக்கிறதே பெரிய விஷயம். தெம்பா இருக்கறது வாசலம்மா ஒருத்திதான். அவ சம்பளத்துக்கு இருக்கறவதான், எங்களை மாதிரி சபதம் எடுத்து வந்தவ இல்ல, ஆனா வாசல் வீட்டுல குடியிருக்கா, அது மதிலுக்கு உள்ளதான் கணக்கு. ரெண்டு தடவை பேர் குடுத்துட்டா. ரெண்டு தடவையும் பதிமூணு முடியாதுன்னுட்டா. அவ கை என் மேல படறதுக்கு நான் வார்டுலயே சாவறேன்னு சொல்லியனுப்பியிருக்கா.

அவங்களுக்குள்ள நாலு வருஷமா பேச்சில்ல. முகத்துல முழிக்கறதில்ல. அதுக்கு முன்னால எப்படி இருந்தாங்க தெரியுமா. வாசலம்மாதான் தண்ணி தூக்கிக்கிட்டுப் போய்க் கொடுப்பா, இவ தைச்சு வச்ச துணியைக் கடைல கொண்டு போய்ப் போடுவா, ரெண்டு பேரும் படியில உக்காந்து ஊர்க்கதை பேசினா நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். ஒரே நாள்ல போச்சு. அப்புறம் பதிமூணு ஜன்னல்லேருந்து கயிறு கட்டிக் கூடை விட்டு, தானே எல்லாம் மேல இழுத்துக்கிட்டா. வாசலம்மா கூடையில ஏதாவது வச்சா, அதை அப்படியே கீழ கவிழ்த்துடுவா. இன்னிக்கும் என்னை இழுத்துக்கிட்டு வரப்ப வாசலம்மா கேக்கறா, பன்னெண்டு, நீங்க அவங்களுக்கு வேண்டியவங்களாச்சே, நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஏதாவது சொன்னாங்களா. நாலு வருஷமா இதே கேள்வி. இன்னிக்கோட பதினேழு தடவை என்கிட்ட கேட்டுட்டா.

தெரியும்மா. என்ன காரணம்னு எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன். மணிதான் காரணம்.

இங்க ஒரு சட்டம் உண்டு. மணி தொண்ணூறு அடி அடிக்கும். முதல் அடிக்கு உங்க வீட்டு வாசல்ல காலை எடுத்து வைக்கணும், தொண்ணூறாவது அடிக்குள்ள கூடத்து வாசல்ல இருக்கணும். சொந்தக் கால்ல. யாரும் தாங்கிப் பிடிக்கக் கூடாது. காய்ச்சல், தலைவலின்னா முன்னாடியே சொல்லி விட்டுடலாம். சொல்லாம ஒரு மாசத்துல மூணு தடவை தவறினா, வீட்டைக் காலி பண்ணிடணும். இந்த இடத்தை ஆரம்பிச்சவங்க போட்டது. அந்தக் காலத்துல படுத்துக்கிட்டவங்களைப் பாக்க ஆள் கிடையாது, அதனால போட்டிருப்பாங்கன்னு சொல்லுவாங்க. எதுக்குப் போட்டாங்களோ.

கூடத்து வாசல்ல ஒரு நோட்டு இருக்கும். எத்தனாவது அடிக்கு வந்தோம்னு நாமளே எண்ணி, நாமளே எழுதிக்கணும். யாரும் சரி பாக்க மாட்டாங்க. சிரிக்கிறீங்க. எனக்காகவே போட்ட சட்டம் மாதிரி இருந்தது அப்ப. என் வாசல்லேருந்து கூடத்துக்கு இருநூத்து முப்பத்தாறு எட்டு. ரெண்டு அடிக்கு நடுவுல நாலு எட்டு வைப்பேன். அம்பத்தொம்பதாவது அடிக்கு அங்க இருப்பேன். முப்பது வருஷம் நோட்டுல அம்பத்தொம்பது, அம்பத்தொம்பதுன்னு இருக்கும். மழை நாள்ல அறுபத்தொண்ணு.

அப்புறம் இடுப்பு போச்சு. கம்பு வந்தது. அறுபத்தெட்டு ஆச்சு, எழுபத்திரெண்டு ஆச்சு. எழுபத்தொம்பதுல வந்து நின்னுடுச்சு. அங்கேருந்து ஏறவே இல்ல. ஒரு மாசம், ரெண்டு மாசம், எழுபத்தொம்பதேதான். எனக்கு ஆச்சரியமா இருந்தது. வலி கூடுது, காலை இழுத்து இழுத்து வைக்கிறேன், வழியில ரெண்டு தடவை சுவத்தைப் பிடிச்சு மூச்சு வாங்கறேன், ஆனா எண்ணிக்கை மட்டும் அப்படியே நிக்குது. கடவுள் கருணைன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்குத்தான வந்திருக்கோம் இங்க.

ஒரு நாள் காய்ச்சல்ல படுத்துட்டேன். வரலன்னு சொல்லியனுப்பிட்டேன். தலைமாட்டுல சாவி குடுக்கற கடிகாரம் ஒண்ணு இருந்தது. படுத்துக்கிட்டே மணியை எண்ணினேன், முள்ளையும் பாத்துக்கிட்டிருந்தேன். தொண்ணூறு அடியும் சரியா மூணு நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு. மூணு நாள் படுத்திருந்தேன். ஆறு வேளையும் மூணு நிமிஷம். நாலாம் நாள் எந்திரிச்சு நடந்தேன். கடிகாரத்தைத் துணிப்பைல போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். நாலரை நிமிஷம் ஆச்சும்மா.

ஆமா. அந்தக் கூண்டுக்குக் கீழ சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டே தெருவைப் பாக்கலாம். நான் வர்றதைப் பாத்துப் பாத்து அடிச்சிருக்கா. என் காலுக்குத் தகுந்த மாதிரி இழுத்திருக்கா. கயித்தை மேல போக விட்டு நிறுத்திப் பிடிக்கணும், அது இழுக்கறதை விட கஷ்டம், தோள் கழண்டுடும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல.

நானும் கேக்கல. எப்படிக் கேக்கறது. கேட்டா நிறுத்தணும். சாயங்காலம் அவ சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமுவா, நான் இந்தப் பக்கம் இருமுவேன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்னு அர்த்தம்.

மத்தவங்களுக்குத் தெரியாமலா இருக்கும். கால் நல்லா இருக்கறவங்களுக்கும் அது சௌகரியமாத்தான் இருந்தது, பேசாம இருந்துட்டாங்க. வாசலம்மாதான் ஒரு நாள் எல்லாரும் இருக்கறப்ப, பன்னெண்டு நடந்து வந்தா மணிக்கும் மூட்டு வலி வந்துடுதுன்னு சொல்லிட்டா. விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரிச்சாங்க. பதிமூணும் சிரிச்சா. நான் குனிஞ்சு நோட்டுல எழுபத்தொம்பதுன்னு எழுதிக்கிட்டிருந்தேன்.

அதுக்கு எட்டாம் நாள் விஷயம் மேல போயிடுச்சு. தலைவியம்மா, அப்ப இருந்த அம்மா, இப்ப உயிரோட இல்ல, அவங்க கைக்கடிகாரத்தோட கூண்டுக் கதவுக்குப் பின்னால மூணு வேளை நின்னிருக்காங்க. நாலாவது வேளை பதிமூணைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. கை வலிச்சதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எழுபது வயசுக்குப் பக்கத்துல இருக்கறவ, யாரு நம்ப மாட்டாங்க. சொல்லல. ஆமா, அவளுக்காகத்தான் மெதுவா அடிச்சேன், தெரிஞ்சுதான் அடிச்சேன்னுட்டா. கயித்தை அறுத்தாங்க. அவ முன்னாலயே. கரண்ட் மணி வந்தது. இப்ப காலைலயும் சாயங்காலமும் அதுதான், சுவிட்சு போட்டா தானா அடிக்கும். மூணு நிமிஷம், ஒரு நொடி முன்ன பின்ன கிடையாது.

நானா? கரண்ட் மணி வந்த முதல் நாள் காலைல நடந்தேன். முக்கால் வழி வந்ததுமே மணி நின்னுடுச்சு. அது நின்னப்புறமும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே போய்ச் சேந்தேன். நூத்திப் பதினெட்டு. நோட்டுல அப்படியே எழுதினேன். சாயங்காலம் நூத்திப் பதினெட்டு. மறுநாள் காலைல நூத்து இருபது. அதோட மூணு தடவை ஆச்சு. மாசக் கடைசியில வேன் வந்தது.

பெட்டியைக் கட்டினது பதிமூணுதான். கயித்தைப் போட்டு இறுக்கிக்கிட்டே சொல்றா, நீ அழாத, போட்டுக் கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும், மணிக்கும் மூட்டு வலின்னு சொன்னா பாரு அன்னிக்கு, அவதான், நான் இருக்கற வரைக்கும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு. நான் அழவே இல்ல. பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியா வாசலம்மா தெரியறா. என்னைக் கொண்டு விடறதுக்குப் பலகை எடுத்துக்கிட்டு வர்றா.

மணி என்ன? அம்பத்தொண்ணா. இன்னும் இருபத்திநாலு நிமிஷம்.

கடுதாசிதான? எழுதினேன், மூணு தடவை. அவளுக்கு இப்ப பார்வை போயிடுச்சு, பதினொண்ணுதான் படிச்சுக் காட்டணும். பதினொண்ணு படிச்சா எல்லா வீடும் படிச்ச மாதிரி. கிழிச்சிட்டேன். ஃபோன் வாசல் வீட்டுலதான் இருக்கு, படுத்திருக்கறவளை எப்படி இறக்கிக் கொண்டு வர்றது. முதல் தடவை நான் வந்தப்ப அவ ஜன்னலுக்கு வந்தா. இங்கேருந்து அங்க இருநூறு எட்டு இருக்கும். என்னடி, ராணி மாதிரி நாற்காலில வந்திருக்கன்னு அங்கேருந்து கத்தினா. தெருவே சிரிச்சது. நான் கையை ஆட்டினேன். கத்திச் சொல்லக்கூடியதா இருந்தா சொல்லியிருப்பேன். போன தடவை கை மட்டும் ஜன்னல்ல தெரிஞ்சது. இன்னிக்குத் திரையே விலகல.

நாலு ஆள் வச்சுத் தூக்கிக்கிட்டுப் போகலாம்னு டிரைவர் சொன்னாரு. தெரு வரைக்கும் தூக்கலாம். மாடிப்படி பதினாறு. சுருட்டிக்கிட்டு போற படி, அகலம் ஒண்ணே கால் முழம். ஒரு ஆள் ஒருக்களிச்சுத்தான் ஏறணும். நான் அளந்து வச்சிருக்கேன், என் வீட்டுப் படியும் அதேதான். அதுல என்னைத் தூக்க முடியாது, ஒரு சாமானையே தூக்க முடியாது. வெள்ளிக்கிழமை அவளை எப்படி இறக்கப் போறாங்களோ, கட்டித்தான் இறக்கணும்.

வார்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. என் ஹோம் அதை விட நல்ல இடம்தான், மூணு கட்டில்தான் ரூமுக்கு. இருந்தாலும் ராத்திரி இருமினா யாரும் திருப்பி இரும மாட்டாங்க. இருமல் மருந்து கொண்டாந்து குடுப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சொல்றேன். நீங்க பச்சைக் கதவைத் தள்ளினா போதும், பூட்டு கிடையாது. இடது கைப் பக்கம் கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க. பதினோராவது படி ஆடும், ஓரமா மிதிங்க. யாருன்னு கேப்பா. பன்னெண்டு அனுப்பினான்னு சொல்லுங்க. கிண்டல் ஏதாவது பண்ணுவா, கண்டுக்காதீங்க. அவ பேசி முடிக்கட்டும். அப்புறம், வாசலம்மாவை உள்ள விடுங்க, நாளைக்குள்ள ஆபீஸ்ல சரின்னு சொல்லுங்க, உங்க கட்டில்லயே நீங்க கண்ணை மூடலாம்னு சொல்லுங்க. அவ விட மாட்டா. காட்டிக் குடுத்தவளா எனக்குத் துணி மாத்தறதுன்னு கேப்பா. அப்படியே கேப்பா, எனக்கு அவளைத் தெரியும்.

அப்ப சொல்லுங்க, அது வாசலம்மா இல்ல, பன்னெண்டு.

ஆமா. நான்தான் போய்ச் சொன்னேன்.

ஏன்னு அவ கேட்டா, எழுபத்தொம்பதுன்னு எழுத முடியலன்னு சொல்லுங்க. ஆயிரத்து ஐநூத்துப் பதினெட்டு தடவை எழுதினேன் அதை. எண்ணிக்கை சரிதான், அடி எழுபத்தொம்பதுதான். ஆனா அது எழுபத்தொம்பது இல்லம்மா. என் கையெழுத்துல இருக்கு. தலைவியம்மாகிட்ட என் கணக்கு சரியில்ல, என்னை அனுப்பிடுங்கன்னு கேக்கத்தான் போனேன். என்னை மட்டும்தான். எப்படி சரியில்லன்னு கேட்டாங்க. கேட்டா சொல்லணும் இல்லையா. பதிமூணை ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டுதான் சொன்னேன். பாக்கறேன்னாங்க. நான் மூணு படி இறங்கறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு தப்பு பண்ணிட்டேன்னு. அப்புறம் என்ன.

என்னம்மா. முகம் மாறுது.

இல்ல இல்ல, நீங்க சொல்றது நியாயம்தான். சாகக் கிடக்கறவகிட்ட, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் போய் நின்னு, இதை எப்படிச் சொல்றது. அது நான் சொல்ல வேண்டியது. வாசலம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம், பதினேழு தடவை கேட்டாளே. ஒவ்வொரு தடவையும் அவ கையில என் நாற்காலி இருந்தது.

வேணாம், விடுங்க. வற்புறுத்தல. எந்திரிக்காதீங்க, நான் கோவிச்சுக்கல. நீங்க அந்தப் பழைய வீட்டைப் பாத்துட்டு வாங்க, நாலு மணிக்குப் பூட்டிடுவாங்க. முடிஞ்சா பதிமூணாம் வீட்டுக் கீழ நின்னு, பன்னெண்டு வந்திருந்தா, நல்லா இருக்கா, வேளைக்குச் சாப்பிடறான்னு மட்டும் சொல்லுங்க. சத்தமா சொன்னா மேல கேக்கும். அது போதும்.

அதோ வாசலம்மா பலகையை எடுத்துக்கிட்டு வர்றா. வேன் சீக்கிரம் வந்துடுச்சு போல. இங்க வர இன்னும் பதினஞ்சு எட்டு இருக்கு அவளுக்கு. வேற ஏதாவது பேசுங்கம்மா. உங்க ஊரைப் பத்தி, எதையாவது. பேசுங்க.